பிரிந்த கூட்டாளியும் வீட்டு முகவரியும்

கூட்டு வாணிகத்தைப் பற்றிப் படிக்கும்பொழுது, அதைத் தொடங்குவது எப்படி என்பதையே நாம் பெரிதும் மனத்தில் கொள்ளுகிறோம். அதை முடிப்பது எப்படி என்னும் பாடம் பருவத்தின் கடைசியில் வரும். அதற்குள் தேர்வு நெருங்கிவிடும். இரண்டு மதிப்பெண் வினாவுக்கு வேண்டிய அளவு உருப்போட்டுவிட்டு அப்பால் போய்விடுவோம். வணிகவியல் மாணவனாகிய நானும் அப்படிப் போயிருக்க வேண்டியவன்தான். 2024-ஆம் ஆண்டில் எங்கள் வீட்டுக் கதவைத் தட்டிய மூன்று கடன்கள் என்னை அந்தப் பாடத்திலேயே உட்கார வைத்துவிட்டன. அவற்றில் எதுவும் என் தந்தையார் கைநீட்டி வாங்கிய கடன் அன்று. ஆயினும் மூன்றிலும் எங்கள் வீட்டு முகவரி இருந்தது.

அந்த முகவரி எப்படி அங்கே போய்ச் சேர்ந்தது என்பதைச் சொல்ல வேண்டுமானால் தனுஷ்கோடியிலிருந்து தொடங்க வேண்டும். 1914-இல் பாம்பன் ரயில் பாலம் திறக்கப்பட்டபின், சென்னையிலிருந்து கொழும்புக்குப் போகிறவர்கள் தனுஷ்கோடி வரை ரயிலிலும், அங்கிருந்து தலைமன்னாருக்குக் கப்பலிலும் சென்றார்கள். ரயில் நிலையம், அஞ்சலகம், சுங்க அலுவலகம், தேவாலயம் எல்லாம் அமைந்த துறைமுகம் அது. பெயரை எழுதி அதன் கீழே தனுஷ்கோடி என்று ஒரு சொல் எழுதினால் போதும், கடிதம் கைக்கு வந்துவிடும் என்று என் பாட்டனார் சொல்லுவார். 1964 டிசம்பர் 22-ஆம் நாள் இரவு அடித்த புயலில் அந்த ஊர் போயிற்று. பாம்பனிலிருந்து பயணிகளுடன் வந்த ரயிலும் அலைக்கு இரையாயிற்று. மக்கள் வாழத் தகுதியற்ற இடம் என்று அரசு அறிவித்தது. எங்கள் குடும்பமும் வேறு பல குடும்பங்களும் இராமேசுவரத்தில் குடியேறின. இன்று அந்த அஞ்சலகத்தின் இடிந்த சுவர்களுக்கு முன்னால் நின்று சுற்றுலாப் பயணிகள் படம் எடுத்துக்கொள்ளுகிறார்கள்.

2017-இல் முகுந்தராயர் சத்திரத்திலிருந்து அரிச்சல்முனை வரை சாலை திறக்கப்பட்டது. அதுவரை மணலில் வேன்களில் குலுங்கிக்கொண்டு போனவர்கள் பேருந்திலும் காரிலும் போகத் தொடங்கினார்கள். கூட்டம் வந்தால் கடை வரும். 2018-இல் என் தந்தையாரும், எங்கள் தெருவிலேயே இருந்த அவருடைய நண்பரும் சேர்ந்து சங்கு, சிப்பிப் பொருள்கள் விற்கும் கடை ஒன்றைத் தனுஷ்கோடியில் போட்டார்கள். உறவினர் அல்லர், ஆனால் நாங்கள் அவரை மாமா என்றே அழைத்து வளர்ந்தோம். இலாபத்தில் ஆளுக்குப் பாதி. எழுத்தில் ஒப்பந்தம் இல்லை. நிறுவனப் பதிவும் இல்லை. நம் நாட்டில் கூட்டு நிறுவனத்தைப் பதிவு செய்வது கட்டாயம் அன்று என்பது உங்களுக்குத் தெரியும். பதிவு செய்யாததால் வரும் இடர் என்ன என்பதைப் பின்னால் சொல்லுகிறேன்.

பில் புத்தகம் அச்சிட வேண்டியிருந்தது. ஓலைக் கொட்டகைக் கடைக்குக் கதவு எண் ஏது? தெருப்பெயர் ஏது? "நம்ம வீட்டு விலாசத்தையே போட்டுடுவோம்ணே" என்றார் மாமா. அப்போது நான் எட்டாம் வகுப்பு. என் கையெழுத்து நன்றாக இருக்கும் என்று அச்சகத்துக்குக் கொடுக்க வேண்டிய தாளை என்னிடமே எழுதச் சொன்னார்கள். கடையின் பெயர், அதன் கீழே உரிமையாளர் இருவர் பெயர், அதன் கீழே இராமேசுவரத்தில் உள்ள எங்கள் வீட்டு முகவரி. ரப்பர் முத்திரையும் அப்படியே செய்யப்பட்டது. அந்தத் தாளை எழுதிய பெருமையில் நான் அன்று இரண்டு நாள் மிதந்தேன்.

பெருந்தொற்றுக் காலத்தில் வியாபாரம் படுத்தது. 2022 தைப்பொங்கலுக்கு மறுநாள் இருவரும் எங்கள் திண்ணையில் உட்கார்ந்து கணக்கு முடித்தார்கள். சரக்கையும் கடையையும் மாமா வைத்துக்கொள்வது, என் தந்தையாருக்கு ஒரு தொகை கொடுத்துவிடுவது என்று பேச்சு. சண்டை இல்லை. ஒரு கோடு போட்ட தாளில் கூட்டல் கழித்தல் எழுதி இருவரும் கையொப்பமிட்டார்கள். பில் புத்தகமும் முத்திரையும் கடையிலேயே இருந்துவிட்டன. அவற்றை யாரும் நினைக்கவில்லை. சிறிது காலத்தில் மாமா தெருவையும் மாற்றிக்கொண்டு போய்விட்டார்.

மூன்று கடன்கள்

முதலில் வந்தவர் சிப்பிப் பொருள்களை மொத்தமாகக் கொடுக்கும் வியாபாரி. 2018 முதல் எங்களுக்குச் சரக்குக் கொடுத்தவர். மாதந்தோறும் எங்கள் வீட்டுக்கு வந்து என் தந்தையார் கையில் பணம் வாங்கிக்கொண்டு, அம்மா கொடுக்கும் தேநீரைக் குடித்துவிட்டுப் போனவர். கூட்டு பிரிந்தபின் வசூலுக்கு நேரே கடைக்கே போயிருக்கிறார், மாமா கொடுத்துக்கொண்டிருந்தார், பிறகு நிறுத்திவிட்டார். பாக்கி 46,000 ரூபாய். முழுதும் 2023-க்குப் பின் வாங்கிய சரக்கு. "நாங்க பிரிஞ்சு ரெண்டு வருஷம் ஆச்சே" என்றார் என் தந்தையார். "எங்கிட்ட யாருண்ணே சொன்னது?" என்று கேட்டார் அவர். அந்தக் கேள்விக்கு எங்கள் வீட்டில் பதில் இல்லை.

இரண்டாவது, ஒரு வாகனக் கடன் நிறுவனத்தின் ஆள். மாமா பழைய ஆட்டோ ஒன்றைத் தவணையில் எடுத்திருக்கிறார். கடன் அவர் ஒருவர் பெயரில். விண்ணப்பத்தில் தொழில் நடத்தும் இடம் என்ற கட்டத்தில் எங்கள் முகவரியை எழுதி, அதற்குச் சான்றாகப் பழைய பில் ஒன்றை இணைத்திருக்கிறார். வந்தவர் தெருவே கேட்கும்படி பேசினார். அம்மா இரண்டு நாள் வாசலில் கோலம் போடப் போகவில்லை.

மூன்றாவது, குளிர்பானம் கொடுக்கும் விநியோகஸ்தர். இவர் 2022-க்குப் பிறகு புதிதாக மாமாவோடு வரவு செலவு தொடங்கியவர். என் தந்தையாரை அதற்கு முன் அறியார். ஆனால் அவர் கையில் இருந்த பில்லில் இருவர் பெயரும் அச்சாகியிருந்தன. தொகை சிறியது, ஒன்பதாயிரத்துச் சில்லறை. சட்ட நோக்கில் இதுதான் மூன்றிலும் சுவையானது.

அம்மாவுக்கு இருந்த அச்சம் ஒன்றுதான்: இந்த வீட்டு முகவரியே கெட்டுப்போயிற்று, நாளை தங்கையின் படிப்புக்கு வங்கியில் கடன் கேட்டால் கிடைக்காது என்பது. தெருவில் இருந்தவர்களும் அதையே சொன்னார்கள். தந்தையார் மூன்று கடன்களையும் ஒரே கண்ணால் பார்த்தார். எல்லாவற்றையும் கட்டிவிட வேண்டும், அல்லது எதையும் கட்டக் கூடாது என்று ஒரு நாளைக்கு ஒன்றாகச் சொல்லிக்கொண்டிருந்தார். இரண்டும் தவறு என்பதை நான் வணிகச் சட்ட வகுப்பில்தான் அறிந்தேன்.

சட்டம் என்ன சொல்லுகிறது?

இந்தியக் கூட்டாண்மைச் சட்டம் 1932-இல் வந்தது. அதற்கு முன்னர் இப்பொருள் 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் ஓர் அதிகாரமாக இருந்தது. நான் முதலில் புரட்டியது விலகும் கூட்டாளியைப் பற்றிய 32-ஆம் பிரிவை. எங்கள் துறைப் பேராசிரியரிடம் கொண்டு போனேன். அவர் சிரித்துவிட்டு, "இருவரில் ஒருவர் போனால் மீதி இருப்பவர் ஒருவர். ஒருவரே எப்படிக் கூட்டு ஆவார்? உங்கள் நிறுவனம் கலைந்துவிட்டது, 45-ஐப் பார்" என்றார்.

45-ஆம் பிரிவின் கருத்து இது: நிறுவனம் கலைந்தாலும், கலைந்தது என்று பொது அறிவிப்புக் கொடுக்கும் வரையில், முன்னாள் கூட்டாளிகளில் ஒருவர் நிறுவனத்தின் பேரால் செய்யும் செயலுக்கு மற்றவரும் வெளியாருக்குப் பொறுப்பாவார். கையொப்பமிட்ட தாள் இருவருக்குள் செல்லும், மூன்றாமவரைக் கட்டாது. மொத்த வியாபாரி என் தந்தையாரைக் கூட்டாளி என்று அறிந்து, அந்த நம்பிக்கையில் சரக்குக் கொடுத்தவர். கலைந்த செய்தி அவருக்குப் போகவில்லை. ஆகவே அந்த 46,000 ரூபாய் என் தந்தையார் மேலும் விழும். அநியாயம் போலத் தோன்றலாம்; எனக்கும் தோன்றியது. ஆனால் அந்த வியாபாரியின் இடத்தில் நின்று பாருங்கள். திண்ணையில் நடந்த பேச்சை அவர் எப்படி அறிவார்?

அதே பிரிவில் ஒரு விலக்கும் உண்டு. கூட்டாளி என்று தனக்குத் தெரியாத ஒருவர் விலகியபின், அந்நிறுவனத்தோடு கொடுக்கல் வாங்கல் செய்தவர் அவரைப் பிடிக்க இயலாது. குளிர்பான விநியோகஸ்தரின் நிலை இதற்கு அருகில் வருகிறது. ஆனால் அவர் கையில் பில் இருக்கிறதே? இங்கே 28-ஆம் பிரிவு குறுக்கிடுகிறது. தன்னைக் கூட்டாளி என்று சொல்லிக்கொள்பவரும், அவ்வாறு பிறர் சொல்வதை அறிந்தே இடங்கொடுப்பவரும், அதை நம்பிக் கடன் கொடுத்தவருக்குக் கூட்டாளியைப் போலவே பொறுப்பாவர். 'அறிந்தே இடங்கொடுத்தல்' என்பதுதான் இதில் உயிர்.

இதனை விளக்க இங்கிலாந்து வழக்கொன்று நம் பாடநூல்களில் வருவதுண்டு. டவர் கேபினட் கம்பெனிக்கும் இங்க்ரம் என்பவருக்கும் நடந்த வழக்கு, தீர்ப்பு 1949-இல். கிறிஸ்துமஸ் என்பவரும் இங்க்ரமும் 1946-இல் 'மெரிஸ்' என்ற பெயரில் வீட்டுச் சாமான் கடை நடத்தினார்கள். 1947-இல் பிரிந்தார்கள்; கடையைக் கிறிஸ்துமஸ் தொடர்ந்தார். அரசிதழில் அறிவிப்பு எதுவும் கொடுக்கப்படவில்லை. 1948-இல் டவர் கேபினட் கம்பெனியிடம் மரச்சாமான்கள் வாங்கியபொழுது, இங்க்ரமின் பெயர் அச்சிட்ட பழைய கடிதத்தாளிலேயே கிறிஸ்துமஸ் எழுதி அனுப்பிவிட்டார். பணம் வரவில்லை; கம்பெனி இங்க்ரமைத் துரத்தியது. நீதிமன்றம் இங்க்ரமை விடுவித்தது. பிரிவதற்கு முன் அவரைக் கூட்டாளி என்று கம்பெனி அறிந்திருக்கவில்லை. பழைய தாள் பயன்படுவதை அவர் அறிந்து அனுமதிக்கவும் இல்லை. தாள்களை அழிக்காமல் விட்டது கவனக்குறைவாக இருக்கலாம். கவனக்குறைவு அனுமதி ஆகாது.

இதைப் படித்துவிட்டு நான் மிகுந்த மகிழ்ச்சியோடு வீட்டுக்கு ஓடினேன். தந்தையாரிடம் கேட்டேன்: "பிரிஞ்ச பிறகு அந்தப் பில் புத்தகத்தை நீங்க பார்த்தீங்களாப்பா?" அவர் சிறிது நேரம் பேசவில்லை. 2023-இல் உறவினர்களைத் தனுஷ்கோடிக்கு அழைத்துக்கொண்டு போனபோது கடையில் உட்கார்ந்திருக்கிறார். மாமா அந்தப் புத்தகத்தில் பில் போட்டுக் கொடுத்ததைக் கண்ணால் கண்டிருக்கிறார். "பழைய புத்தகம் தீரட்டும்னு நெனச்சேன். அதைப் போய் எப்படிக் கேக்குறது?" என்றார். இங்க்ரமுக்கு இருந்த பாதுகாப்பு எங்களுக்குப் பாதிதான் இருந்தது.

வாகனக் கடனுக்கு இவை ஒன்றும் பொருந்தா. அது மாமாவின் தனிக்கடன். நிறுவனத்தின் பேரால் வாங்கியது அன்று. என் தந்தையார் ஜாமீன் கையொப்பமும் இடவில்லை. முகவரி அவர்களுடைய கோப்பில் இருப்பதனால் வீட்டுக்காரர் கடனாளி ஆகிவிடுவதில்லை. கடன் ஆளைச் சேர்ந்தது. கதவைச் சேர்ந்தது அன்று. அதிகத் தொல்லை கொடுத்த கடன் எதுவோ அதற்கு எங்களுக்குப் பொறுப்பே இல்லை. தேநீர் குடித்துவிட்டு மெல்லப் பேசிப்போனவரின் கடனுக்குத்தான் பொறுப்பு இருந்தது!

நாங்கள் செய்தவை

பொது அறிவிப்பு எப்படிக் கொடுப்பது என்பதை 72-ஆம் பிரிவு சொல்லுகிறது. அரசிதழில் வெளியிட வேண்டும். தொழில் நடந்த மாவட்டத்தில் உலவும் வட்டார மொழி நாளிதழ் ஒன்றிலாவது வெளியிட வேண்டும். பதிவு பெற்ற நிறுவனமானால் இவற்றோடு நிறுவனப் பதிவாளருக்கும் தெரிவிக்க வேண்டும். 2024 அக்டோபரில் இவ்விரண்டையும் செய்தோம். அறிவிப்பு முன்னோக்கித்தான் காக்கும். ஏற்கெனவே ஏறிய பாக்கியை அது இறக்காது. இதனை 2022 பொங்கலுக்கு மறுவாரமே செய்திருந்தால் 46,000 ரூபாய் தப்பியிருக்கும். அறிவிப்புக்கு ஆன செலவை அதோடு ஒப்பிட்டுப் பார்க்கக்கூட என் தந்தையார் விரும்பவில்லை.

மாமாவுக்கு ஒரு கடிதம் பதிவுத் தபாலில் அனுப்பினோம்: எங்கள் பெயரும் முகவரியும் உள்ள புத்தகங்களையும் முத்திரையையும் இன்ன தேதிக்குள் ஒப்படைக்க வேண்டும், இனி அவற்றைப் பயன்படுத்த எங்கள் இசைவு இல்லை என்று. 28-ஆம் பிரிவில் வரும் 'அறிந்தே இடங்கொடுத்தல்' என்ற சொல்லுக்கு மறுமொழி அதுதான். (பதிவுத் தபால் 2025-இல் விரைவுத் தபாலோடு இணைக்கப்பட்டுவிட்டது, இன்று அனுப்புகிறவர்கள் விரைவுத் தபாலில் அனுப்பி, சேர்ந்ததற்குச் சான்று பெற்றுக்கொள்ள வேண்டும்.) பழைய சரக்குக் கணக்கு இருந்த மற்ற வியாபாரிகள் நால்வருக்கும் தனித்தனியே எழுதினோம். அரசிதழை எத்தனை வியாபாரிகள் படிக்கிறார்கள்?

வாகனக் கடன் நிறுவனத்துக்கு எழுதியது வேறு வகை. இன்னார் இந்த வீட்டில் குடியிருக்கவில்லை, இங்கே தொழிலும் நடத்தவில்லை, உங்கள் கோப்பிலிருந்து இம்முகவரியை நீக்குங்கள் என்று மட்டும் எழுதினோம். மாமாவின் புதிய முகவரியை எழுதிவிட வேண்டும் என்பது அம்மாவின் கட்சி. தந்தையார் மறுத்துவிட்டார். கடன் வசூலுக்காகக் காலை 8 மணிக்கு முன்னும் மாலை 7 மணிக்குப் பின்னும் தொலைபேசியில் அழைக்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2022 ஆகஸ்டில் இட்ட உத்தரவையும், கடனாளியின் குடும்பத்தாரையோ நண்பரையோ இழிவுபடுத்தக் கூடாது என்று அது சொல்வதையும் கடிதத்தில் குறிப்பிட்டோம். அதன்பின் அந்த ஆள் வரவில்லை.

மாமாவின் பெயருக்கு வரும் தபாலை என்ன செய்வது என்பதில் நாங்கள் முதலில் தவறு செய்தோம். அம்மா வாங்கி அலமாரியில் வைத்துவிடுவார். இது கூடாது. சரியான முகவரியிட்டுப் பதிவுத் தபாலில் அனுப்பிய கடிதம் உரியவருக்குச் சேர்ந்ததாகவே கொள்ளலாம் என்பது 1897-ஆம் ஆண்டுப் பொதுக் கூறுகள் சட்டத்தின் 27-ஆம் பிரிவு. நாம் கையொப்பமிட்டு வாங்கினால், அவர் இங்கேதான் இருக்கிறார் என்பதற்கு நாமே சான்று எழுதிக் கொடுத்ததாகும். பிரிக்கவும் கூடாது, கிழிக்கவும் கூடாது. 'இப்பெயருடையவர் இங்கு இல்லை' என்று எழுதித் தபால்காரரிடமே திருப்பிவிட வேண்டும். நீதிமன்ற அமீனா வந்தாலும் அதையே சொல்லி, அவருடைய குறிப்பில் எழுதச் சொல்ல வேண்டும். தவறிப்போய் ஜப்தி வரை வந்தாலும், இந்தப் பொருள் கடனாளியுடையது அன்று என்று உரிமை கோரி மனுச்செய்ய உரிமையியல் நடைமுறைச் சட்டத்தில் 21-ஆம் கட்டளையின் 58-ஆம் விதி இடம் தருகிறது. எங்களுக்கு அந்த அளவு போகவில்லை.

அம்மாவின் அச்சத்துக்கு வருவோம். கடன் வரலாற்றைத் தொகுக்கும் நிறுவனங்கள் நம் நாட்டில் 2005-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி இயங்குகின்றன. சிபில் என்று நாம் பொதுவாகச் சொல்வது அவற்றில் ஒன்று, மொத்தம் நான்கு. தனிமனிதர் ஒவ்வொருவரும் ஒவ்வொரு நிறுவனத்திடமும் ஆண்டுக்கு ஒருமுறை முழு அறிக்கையைக் கட்டணமின்றிப் பெறலாம். என் தந்தையாரின் அறிக்கையை வாங்கிப் பார்த்தோம். அவருடைய வரலாறு பெயர், பிறந்த தேதி, பான் எண் இவற்றைக் கொண்டு தொகுக்கப்படுகிறது. ஒரே முகவரியில் இன்னொருவர் கடன் இருந்தால் அது இவர் கணக்கில் ஏறாது. வீட்டுக்கென்று கறுப்புப் பட்டியல் ஏதும் இல்லை. நகைக்கடன் ஒன்று மட்டும் அதில் இருந்தது, அதுவும் தீர்ந்தது. தவறாக ஏதேனும் ஏறியிருந்தால் முறையிடலாம். 30 நாளில் தீர்க்கப்படாவிட்டால் நாளொன்றுக்கு 100 ரூபாய் ஈடு தர வேண்டும் என்பது 2024 ஏப்ரல் 26 முதல் நடைமுறையில் உள்ள விதி. அறிக்கையை அம்மாவுக்கு நான் தமிழில் படித்துக் காட்டினேன். மறுநாள் வாசலில் பெரிய கோலமாகவே போட்டிருந்தார்.

மொத்த வியாபாரிக்குத் தந்தையார் ஆறு தவணைகளில் பணத்தைக் கட்டி முடித்தார். குளிர்பானக்காரரிடம் அரசிதழின் நகலைக் காட்டிப் பேசினோம், பாதியை ஏற்றுக்கொண்டோம். இது சட்டத்தின் தீர்ப்பு அன்று. தந்தையார் தமக்குத் தாமே எழுதிக்கொண்ட தீர்ப்பு. பில் புத்தகத்தைப் பார்த்தும் பேசாமல் வந்ததற்கு அது என்றார்.

கட்டிய பணத்தை மாமாவிடம் கேட்கலாமா? பதிவு செய்யாத நிறுவனத்தின் கூட்டாளி, ஒப்பந்த உரிமையைக் கொண்டு மற்றவர் மேல் வழக்குத் தொடுக்க 69-ஆம் பிரிவு தடை செய்கிறது. பதிவின்மையின் இடர் என்று முன்னர் சொன்னேனே, அது இதுதான். ஆனால் அதே பிரிவு ஒரு வாசலைத் திறந்து வைத்திருக்கிறது: கலைந்த நிறுவனத்தின் கணக்கைக் கேட்டு வழக்கிடலாம். அதற்குக் காலவரையறைச் சட்டம் தருவது கலைந்த நாளிலிருந்து மூன்று ஆண்டு. அதாவது 2025 பொங்கல் வரை. நான் நவம்பரிலேயே இதைக் கணக்கிட்டு, நாட்காட்டியில் சிவப்பு மையால் வட்டமிட்டு வைத்தேன். தந்தையார் அதைப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. பொங்கலும் வந்து போயிற்று.

மாமா புத்தகங்களைத் திருப்பி அனுப்பியது மாசி மாதத்தில். அவர் மகன் ஒரு துணிப்பையில் கொண்டுவந்து திண்ணையில் வைத்துவிட்டுப் போனான். எழுதாத புத்தகங்கள் நான்கு, முத்திரை ஒன்று. பையின் அடியில், ஓரம் மக்கிப்போன தாளொன்று இருந்தது. எட்டாம் வகுப்பில் நான் அச்சகத்துக்கு எழுதிக் கொடுத்த அந்தத் தாள். அச்சுப்பிழை பார்க்க வாங்கி வந்தவர் அதை ஏழு ஆண்டுகள் வைத்திருந்திருக்கிறார்.